ஓடியவனின் சட்டை நிறம்: பார்வை, மூளை, சாட்சியம்

1

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உண்மையறியும் குழுவோடு ஒரு கிராமத்திற்குப் போயிருந்தேன். ஊர்ப்பெயர் இங்கே வேண்டாம். இரவு எட்டு மணிவாக்கில் ஒரு கும்பல் காலனித் தெருவுக்குள் புகுந்து கல்லெறிந்து, இரண்டு வண்டிகளை நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. வாக்குமூலங்களைக் கேட்டு எழுதுவது என் வேலை. தமிழ் எம்.ஏ. படித்தவன் குழுவில் இருந்தால் அறிக்கை எழுதுகிற பொறுப்பு தானாக அவன் தலையில் வந்து விழும்.

முதலில் பேசியது ஒரு வயதான அம்மா. "நீலச் சட்ட போட்டவந்தான் தம்பி மொதக் கல்ல எறிஞ்சான். எறிஞ்சிட்டு கொளத்துப் பக்கமா ஓடுனான்" என்றார். அடுத்து ஒரு கல்லூரிப் பெண். "கருப்புச் சட்டண்ணே. நல்லாப் பாத்தேன். கொளத்துப் பக்கந்தான் ஓடுனான்" என்றாள். இருவரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். திசையில் சந்தேகமே இல்லை. நிறத்தில்தான் சிக்கல்.

அன்றிரவு அறிக்கையை எழுதும்போது அந்தப் பெண் சொன்னதை நான் அடித்துவிட்டேன். அம்மா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன். "ரெண்டும் இருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சுக்குவான்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. முரண்பாடு இல்லாத பிரதி நம்பகமான பிரதி என்று யார் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இத்தனைக்கும் முரண்பாடுகளைக் கொண்டுதான் ஒரு பிரதியை வாசிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை, அந்த அடித்தலைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன் கண் எப்படிப் பார்க்கிறது, அதைவிட முக்கியமாக மூளை எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நான் நரம்பியல் படித்தவனல்ல. படித்துத் தெரிந்துகொண்டதை, என்னைப் போலவே இலக்கியத்திலிருந்தும் இயக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2

நிறம் பொருளில் இருக்கிறது என்பது நம் அன்றாட நம்பிக்கை. இலை பச்சை, ரத்தம் சிவப்பு. 1704இல் வெளிவந்த 'ஒளியியல்' நூலில் நியூட்டன் இதை அசைத்துவிட்டார். ஒளிக்கதிர்களுக்கு நிறம் கிடையாது, நிற உணர்வைக் கிளப்புகிற தன்மைதான் அவற்றுக்கு உண்டு என்பது அவர் வாதம். வெளியே இருப்பவை அலைநீளங்கள். சிவப்பு என்பது நமக்கு நேர்வது.

விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உள்ளன. குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். குச்சிகள் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை, நிறம் சொல்லத் தெரியாதவை. கூம்புகளுக்குப் போதிய வெளிச்சம் வேண்டும். அவற்றில் மூன்று வகை. ஒன்று ஏறத்தாழ 420 நானோமீட்டர் அலைநீளத்திலும், மற்றது 530இலும், இன்னொன்று 560இலும் அதிகம் கிளர்ச்சியடைபவை. இப்படி மூன்று இருக்க வேண்டும் என்று தாமஸ் யங் 1802இலேயே ஊகித்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு கூம்பு செல் தனியாக எந்த நிறத்தையும் சொல்லாது. தன்மேல் எவ்வளவு ஒளி பட்டு உறைந்தது என்று எண்ணிச் சொல்லும், அத்தோடு சரி. மங்கலான ஒளி தனக்குப் பிடித்த அலைநீளத்தில் வந்தாலும், பலமான ஒளி பிடிக்காத அலைநீளத்தில் வந்தாலும் அதன் பதில் ஒன்றாகவே இருக்கலாம். மூன்று வகைக் கூம்புகளின் பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போதுதான் நிறம் பிறக்கிறது. மொழியில் ஒரு குறிக்கு வேறுபாட்டின் வழியாகத்தான் அர்த்தம் என்று சசூர் வழியாகப் படித்தோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். சிவப்பு தன்னளவில் சிவப்பாக இல்லை.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லேண்ட் செய்துகாட்டிய ஒரு சோதனை உண்டு. பல நிறக் காகிதத் துண்டுகளை ஒட்டிய பெரிய பலகை. அதன்மேல் மூன்று விளக்குகள்: நீண்ட அலை, நடு அலை, குட்டை அலை. பலகையில் ஒரு வெள்ளைத் துண்டிலிருந்து ஒவ்வோர் அலையிலும் எவ்வளவு ஒளி கண்ணுக்கு வருகிறது என்று கருவியால் அளந்துகொள்கிறார். பிறகு விளக்குகளை மாற்றியமைத்து, பச்சைத் துண்டிலிருந்து மிகச்சரியாக அதே அளவு ஒளி வரும்படி செய்கிறார். கண்ணுக்குள் போவது இப்போது ஒன்றேதான். அப்படியானால் பச்சை வெள்ளையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. பலகை முழுவதையும் மறைத்துவிட்டு அந்த ஒரு துண்டை மட்டும் பார்த்தால் அந்தப் பச்சை காணாமல் போய்விடுகிறது.

அதாவது மூளை ஒரு துண்டை அதன் சுற்றத்தோடு ஒப்பிட்டு, விழுகிற வெளிச்சம் எப்படிப்பட்டது என்று கணித்து, அந்த வெளிச்சத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை எடுக்கிறது. உச்சி வெயிலிலும் அந்தி மஞ்சளிலும் வாழையிலை பச்சையாகவே தெரிவது இந்தக் கழித்தலால்தான். இந்தக் கழித்தல் ஆளுக்கு ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதை 2015இல் உலகமே பார்த்தது. ஒரு கவுனின் புகைப்படம். சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும், வேறு சிலருக்கு நீலமும் கருப்பும். துணி உண்மையில் நீலம்தான், கருப்புதான். படத்திலிருந்து வெளிச்சம் எப்படிப்பட்டது என்று தெளிவாகக் கணிக்க முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு மூளையும் தனக்குத் தோன்றிய வெளிச்சத்தைக் கழித்தது. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

3

இனி அசைவு. நிறமும் அசைவும் ஒரே படத்தின் இரு பண்புகள் என்றுதான் நினைப்போம். சிவப்புப் பேருந்து போகிறது. சிவப்பும் போவதும் ஒரே இடத்தில், ஒரே நொடியில். மூளைக்கு அப்படியில்லை.

விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில், ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 10 லட்சம் இழைகள். அவை தலாமஸில் ஒரு நிறுத்தத்தில் இறங்குகின்றன. ஆறு அடுக்குகள் கொண்ட அந்த நிலையத்தில் இரண்டு அடுக்குகள் பெரிய செல்களால் ஆனவை. வேகமானவை, மெல்லிய ஒளி வேறுபாட்டையும் பிடிப்பவை, நிறத்தைப் பொருட்படுத்தாதவை. மற்ற நான்கும் சிறிய செல்களால் ஆனவை. கொஞ்சம் நிதானமானவை, நுணுக்கமும் நிறமும் அறிபவை. அங்கிருந்து தலையின் பின்புறம், பிடரி மடலில் உள்ள முதல் பார்வைப் பகுதிக்கு. அதை வி1 என்கிறார்கள். அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. 1970களில் லண்டனில் செமிர் செகி குரங்குகளின் மூளையில் செய்த ஆய்வுகளில், வி4 என்ற பகுதியில் நிறத்துக்குப் பதில் சொல்லும் செல்கள் நிறைய இருப்பதைக் கண்டார். வி5 என்ற இன்னொரு பகுதியில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் அசைவின் திசைக்குப் பதில் சொல்பவை. நகர்வது சிவப்பா பச்சையா என்பது அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை. 1971இல் அமெரிக்காவில் ஆல்மனும் காஸும் ஆந்தைக் குரங்கில் இதே அசைவுப் பகுதியைக் கண்டிருந்தார்கள்.

குரங்கில் சரி, மனிதர்களில்? இங்கேதான் நோயாளிகள் வருகிறார்கள். மூளையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய இழப்பிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. வி1இன் வரைபடமே, 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பரிசோதித்த ததுஜி இனோயே என்ற கண் மருத்துவர் 1909இல் வெளியிட்டதிலிருந்து தொடங்குகிறது.

1888இல் வெர்ரே என்ற சுவிஸ் கண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட பிறகு, தன் பார்வையின் வலது பாதியில் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாகப் பார்த்தார் அவர். இடது பாதியில் நிறங்கள் அப்படியே இருந்தன. வெர்ரே நிறத்துக்கு மூளையில் தனி மையம் உண்டு என்றார். அதை ஏற்காதவர்களே செல்வாக்கோடு இருந்தார்கள். பார்வை என்பது ஒரே இடத்தில் பதியும் ஒரே படம் என்ற எண்ணம் அவ்வளவு பலமாக இருந்தது. ஏறத்தாழ நூறாண்டு அவர் சொன்னது ஓரத்தில் கிடந்தது. நிறுவப்பட்ட சொல்லாடல் தனக்குப் பொருந்தாத சாட்சியை என்ன செய்யும் என்பதற்கு விஞ்ஞானத்திலிருந்தே ஓர் உதாரணம்.

பிற்பாடு ஆலிவர் சாக்ஸ் எழுதிய ஓவியரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1986இல், 65 வயதில், கார் விபத்துக்குப் பின் அவருக்கு நிறமே போய்விட்டது. தக்காளி கருப்பாகத் தெரிந்தது. மனித உடல்கள் எலி நிறத்தில் தெரிந்தன. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கனவிலும் நிறம் இல்லை. கூம்பு செல்கள் நன்றாகத்தான் இருந்தன. அசைவும் நன்றாகத் தெரிந்தது. அலைநீள வேறுபாடுகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன, அவற்றை நிறமாக்குகிற இடம்தான் இல்லை.

இதற்கு நேரெதிரானது எல்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண்ணின் நிலை. 1983இல் மியூனிக்கில் சீல், ஃபான் கிராமோன், மாய் ஆகியோர் அதை எழுதினார்கள். மூளையின் ரத்தநாள அடைப்பால் அவருடைய இருபக்க மூளையிலும் அசைவுப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. நிறம் தெரியும், உருவம் தெரியும், எழுத்து வாசிப்பார். அசைவு மட்டும் இல்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டியாக உறைந்து நிற்பதுபோல் இருக்கும். மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று தெரியாது. அறையில் ஆட்கள் நடமாடினால் பதற்றம். இங்கே இருந்தவர் திடீரென்று அங்கே இருப்பார், நடுவில் வந்தது தெரியாது. சாலையில் தூரத்தில் நிற்கும் கார், அடுத்த கணம் பக்கத்தில். சத்தத்தை வைத்து வண்டியின் தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார்.

ஒருவருக்கு நிறம் போய் அசைவு மிஞ்சியது. இன்னொருவருக்கு அசைவு போய் நிறம் மிஞ்சியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இவை தனித்தனி வேலைகள் என்பது உறுதியாகிறது.

இதற்கு நோய் வேண்டியதில்லை, நாமே சோதித்துப் பார்க்கலாம். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார். பாறை மேலே ஏறுவதுபோல் தெரிந்தது. ஆனால் அது இருந்த இடத்தில்தான் இருந்தது. இடம் மாறாமல் ஓர் அசைவு! சினிமாவின் முடிவில் பெயர்கள் மேலேறுவதை முழுக்கப் பார்த்துவிட்டுச் சுவரைப் பாருங்கள், இது புரியும்.

1978இல் வி. எஸ். ராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரெகரியும் ஒரு கேள்வி கேட்டார்கள்: அசைவை உணர நிறம் உதவுகிறதா? ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். இரண்டின் வெளிச்ச அளவும் சமமாக்கப்பட்டது, வேறுபாடு நிறத்தில் மட்டும். நிறம் பளிச்சென்று தெரிந்தது. அசைவுணர்வு குலைந்துபோனது. அசைவுப் பாதை நிறத்தை ஏறக்குறையக் கண்டுகொள்வதில்லை என்பதற்கு இது ஒரு சான்று. முழுக்க முழுக்கக் கண்டுகொள்வதில்லை என்று சொன்னால் அது மிகை. பிற்கால ஆய்வுகள் பிரிவினையை அவ்வளவு கறாராகக் காட்டவில்லை. வி4 உருவத்தையும் கவனிக்கிறது. வி5க்கும் கொஞ்சம் நிறத்தகவல் கசிகிறது. பின்னாலிருந்து முன்னுக்கும் முன்னாலிருந்து பின்னுக்கும் செய்திகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அப்படியானால் சிவப்பும் போவதும் எங்கே ஒன்று சேர்கின்றன? எல்லாம் வந்து சேரும் ஓர் இடம், அங்கே உட்கார்ந்து படம் பார்க்கும் ஓர் ஆள், இதுவரை அகப்படவில்லை. 1997இல் முதுசிசும் செகியும் ஒரு சதுரத்தின் நிறத்தையும் திசையையும் மாற்றி மாற்றிக் காட்டி, நிற மாற்றம் அசைவு மாற்றத்தைவிட ஏறத்தாழ 80 மில்லி நொடி முந்தி உணரப்படுவதாகச் சொன்னார்கள். அதன் பொருள் என்ன என்று இன்றும் சச்சரவு உண்டு. ஒரே கணம் என்று நாம் அனுபவிப்பது, பல கணங்களைச் சேர்த்துத் தைத்தது என்பதில் பெரிதாகச் சச்சரவு இல்லை.

4

நம் ஆட்கள் இதைப் படித்ததும் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் போனேன். "பார்த்தீங்களா, பார்வையே கட்டமைப்பு. எதார்த்தம்னு ஒண்ணும் இல்ல. எல்லாமே புனைவு." எதார்த்தவாதத்தோடு சண்டை போட்ட காலத்தில் இதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதினேன் என்று சொல்கிற எழுத்தாளரிடம் லேண்டின் பலகையைக் காட்டினால் போதும்.

ஆனால் அந்தத் தெருவில் நின்றுகொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். "அம்மா, நீங்க பாத்தது மூளை கட்டினது" என்று சொன்னால், கல்லெறிந்தவன்தான் முதலில் கைதட்டுவான். எல்லாமே புனைவு என்பது அதிகாரத்துக்கு மிகவும் வசதியான தத்துவம். அதை நாம் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

கட்டுவது வேறு, இட்டுக்கட்டுவது வேறு. லேண்டின் சோதனையில் மூளை ஒரு பச்சையைக் கட்டியது. எதற்காக? வெளிச்சம் மாறினாலும் மாறாத ஒன்றை, அந்தக் காகிதம் எந்த அலையை எவ்வளவு திருப்பியனுப்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்காக. கட்டாமல் விட்டிருந்தால் இலை நிமிஷத்துக்கு ஒரு நிறமாகத் தெரிந்திருக்கும். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். காண்பதற்குள்ளேயே அந்த விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. தொல்காப்பிய மரபியல் கண்ணை நான்காம் அறிவாகவும் மனத்தை ஆறாம் அறிவாகவும் பிரித்து வைக்கிறது. வகுப்பில் அதை வரிசையாக ஒப்பித்திருக்கிறேன். நான்காவதற்குள் ஆறாவதும் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது படுகிறது.

இந்த விசாரணை கற்றுக்கொள்வதும்கூட. டெல்லியைக் களமாகக் கொண்டு பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையோடிருந்து வளர்ந்தபின் சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தார்கள். பார்வை வந்த புதிதில் அவர்களில் சிலருக்கு, அசையாத படத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் உருவங்களைப் பிரித்தறிய முடியவில்லை. நிறமும் கோடும் மாறுகிற இடமெல்லாம் தனித்தனிப் பொருளாகத் தெரிந்தது. அதே உருவத்தை நகர்த்தியதும் பிரித்துவிட்டார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு இது. சேர்ந்து நகர்வது ஒரே பொருள் என்பதே அவர்களுக்கு முதல் பாடமாக இருந்திருக்கிறது. அசைவு அவ்வளவு அடிப்படையானது.

5

இப்போது தெருவுக்குத் திரும்புகிறேன். எட்டு மணி. தெருமுனையில் மஞ்சள் சோடியம் விளக்கு. டீக்கடையில் ஒரு டியூப்லைட். சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் குவிந்தது, நீல அலைகள் அதில் மிகக் குறைவு. நீலச் சட்டை திருப்பியனுப்ப அங்கே நீலமே இல்லை. கழிப்பதற்கு வேண்டிய தகவல் வெளிச்சத்திலேயே கிடையாது. எந்த மூளையாலும் அதை ஈடுகட்ட முடியாது. நீலம் கருப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் இன்னும் குறைந்தால் குச்சி செல்கள் பொறுப்பெடுக்கும். சிவப்பும் அப்போது கருத்துப்போகும்.

என் நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அம்மா டீக்கடைப் பக்கம் நின்றவர், பெண் விளக்குக் கம்பத்தடியில் நின்றவள். இரண்டையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வாசிக்கவில்லை. அவன் சட்டை உண்மையில் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த இரண்டு வாக்குமூலங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரே சட்டை இரண்டு விளக்குகளின்கீழ் அப்படித் தெரிந்திருக்கலாம். மங்கலிலும் ஏமாறாமல் நிற்கக்கூடிய அந்த ஒன்றில், ஓடிய திசையில், இருவரும் ஒத்துப்போனார்கள். அறிக்கையின் மிகப் பலமான இடம் அதுதான். அதைத்தான் நான் ஒருவரின் சாட்சியாகக் குறைத்துவிட்டேன். அந்தப் பெண், அறிக்கை அச்சாகி வந்தபோது, "நான் சொன்னது எங்கண்ணே?" என்று கேட்டாள். என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

ஒன்றில் பொய்யென்றால் எல்லாவற்றிலும் பொய் என்று ஒரு லத்தீன் வாசகம் நீதிமன்றங்களில் புழங்கும். அதை இந்தியாவில் விதியாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1957இலேயே சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் கொடுத்த இடத்தைக்கூட நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை.

இனி யாராவது இப்படிப்பட்ட குழுக்களில் எழுதப் போனால் என் அனுபவத்திலிருந்து சில சின்ன விஷயங்கள். எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள். எந்த விளக்கு, எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். முடிந்தால் அதே நேரத்தில் அந்த விளக்கின்கீழ் நீங்களே போய் நின்று பாருங்கள். பல ஊர்களில் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போடுகிறார்கள், ஆகவே சம்பவத்தன்று என்ன விளக்கு எரிந்தது என்பதையும் குறித்துவையுங்கள். நிறத்தைத் தனியாகவும் அசைவைத் தனியாகவும் கேளுங்கள். ஒன்றில் தடுமாறினால் மற்றதைச் சந்தேகிக்காதீர்கள். இருவர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

அடிக்காதீர்கள்.